‘பர்சூ’ என்னும் ஆங்கில வினை: பின்தொடர்தலின் பொருளும் அறமும்

முன்னுரை

அருஞ்சொற்களுக்குப் பொருள் காண அகராதியைப் புரட்டுவோர் எளிய சொற்களை ஐயுறுவதில்லை. ஆயினும் ஒரு மொழியினர் நாள்தோறும் வழங்கும் எளிய சொற்களிலேதான் அவர்தம் அறச் சிக்கல்கள் பல ஒடுங்கிக் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் ‘பர்சூ’ என்னும் வினைச்சொல் அத்தகையது. காவலர் திருடனைத் துரத்துவது, மாணவர் உயர்கல்வியை மேற்கொள்வது, ஆடவன் ஒருத்தியின் அன்பை வேண்டி அவள்பின் செல்வது, அரசு ஒரு கொள்கையைக் கடைப்பிடிப்பது, மாந்தர் இன்பத்தைத் தேடுவது ஆகிய அனைத்தும் அம்மொழியில் இவ்வொரு வினையாலேயே குறிக்கப்பெறுகின்றன. இதனைத் தமிழாக்குவோர் இடத்திற்கேற்ப வேறுவேறு சொற்களைத் தேட வேண்டியுள்ளது.

மேற்கூறிய செயல்கள் அறத்தளவில் ஒரு தன்மையன அல்ல. அவற்றுள் ஒன்று போற்றப்படுவது, ஒன்று கடமையாவது, ஒன்று குற்றமாகவும் மாறக் கூடியது. எனினும் சொல் ஒன்றாக இருப்பதால், ஒன்றுக்குரிய பெருமை மற்றொன்றுக்கும் எளிதில் சென்று சேர்ந்துவிடுகின்றது. கல்வியை விடாது தொடர்பவனுக்கு உரிய பாராட்டு, விருப்பமில்லாத ஒருத்தியை விடாது தொடர்பவனுக்கும் ‘விடாமுயற்சி’ என்ற பெயரில் கிடைப்பதை உலகியலில் காண்கின்றோம். எனவே இச்சொல்லின் பிறப்பையும் பொருள் வளர்ச்சியையும் நோக்கி, அதன்வழிப் பின்தொடர்தல் எவ்விடத்து அறமாகின்றது, எவ்விடத்துத் துன்புறுத்தலாகின்றது என்னும் வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் பிறப்பும் சுற்றமும்

‘பர்சூ’ ஆங்கிலத்திற்குரிய பழஞ்சொல் அன்று. கி.பி. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், அரசவையிலும் நீதிமன்றத்திலும் வழங்கிய ஆங்கிலோ-நார்மன் பிரெஞ்சின் வழியாக அது ஆங்கிலத்துட் புகுந்தது. அதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘செக்வி’ என்னும் வினையாகும். பின்செல்லுதல் என்பது அதன் பொருள். ‘முன்னோக்கி’ என்னும் பொருள் தரும் ‘ப்ரோ’ என்ற முன்னொட்டு அதனோடு சேர ‘ப்ரோசெக்வி’ என்றாயிற்று.

இலத்தீனில் ‘ப்ரோசெக்வி’ என்பது பகைவரைத் துரத்துதலை மட்டும் குறிக்கவில்லை. பயணம் புறப்படும் ஒருவரை வழியனுப்ப உடன்செல்லுதலும், இறந்தவரின் இறுதி ஊர்வலத்தில் பின்நடத்தலும், ஒருவரை மதிப்புடன் போற்றுதலும் அதன் பொருள்களாக இருந்தன. அஃதாவது, ஒருவர்பின் செல்பவர் அவருக்கு அன்பராகவும் இருக்கலாம், பகைவராகவும் இருக்கலாம் என்னும் இருமை அச்சொல்லிலேயே இருந்தது. ஆங்கிலத்திற்கு வந்தபோது வழியனுப்பும் பொருள் வழக்கொழிந்தது. தீங்கெண்ணித் தொடர்தல் என்ற பொருளே தொடக்க காலத்தில் மேலோங்கி நின்றது. குறிக்கோளை நாடுதல், தொழிலை மேற்கொள்ளுதல் என்பன போன்ற பொருள்கள் அதனோடு இணைந்து வளர்ந்தன.

இச்சொல்லின் சுற்றமும் நோக்கத்தக்கது. வழக்கிடுதலைக் குறிக்கும் ‘சூ’, வழக்கு என்று பொருள்படும் ‘சூட்’, குற்றவழக்கு நடத்துதலைக் குறிக்கும் ‘பிராசிக்யூட்’, கொடுமைப்படுத்துதலைக் குறிக்கும் ‘பெர்சிக்யூட்’ ஆகியன யாவும் ‘செக்வி’யின் வழித்தோன்றல்களே. இவற்றுள் ‘பிராசிக்யூட்’ என்பதும் ‘பர்சூ’ என்பதும் ஒரே இலத்தீன் வினை இரு வழிகளில் ஆங்கிலத்தை அடைந்ததால் விளைந்த இரட்டைச் சொற்கள். ‘பெர்சிக்யூட்’ என்பது முன்னொட்டால் மட்டும் வேறுபட்டது. ‘பெர்’ என்பதற்கு ‘இறுதிவரை’, ‘முற்றும்’ என்பன பொருள். ‘சூட்டர்’ என்னும் சொல்லோ வழக்கிடுபவனையும், ஒரு பெண்ணை மணக்க வேண்டி நிற்பவனையும் ஒருங்கே குறிக்கின்றது. காதலும் வழக்கும் கொடுமையும் ஒரே வேரில் கிளைத்திருப்பதை இதனால் அறியலாம்.

துரத்துதலைக் குறிக்கும் மற்றோர் ஆங்கில வினையாகிய ‘சேஸ்’ இதனின்றும் வேறுபட்ட பிறப்புடையது. பற்றுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து அது தோன்றியது. பிடித்தலைக் குறிக்கும் ‘கேட்ச்’ என்னும் சொல்லும் அவ்வேரிலிருந்தே, வட பிரெஞ்சு வட்டார வழக்கின் வாயிலாக வந்தது. ஆகத் துரத்துதலும் பிடித்தலும் அங்கே உடன்பிறப்புகள். விலைக்கு வாங்குதலைக் குறிக்கும் ‘பர்ச்சேஸ்’ என்பதும், வேட்டையாடிப் பெறுதல் என்ற பொருளில் அதே குடும்பத்தில் தோன்றியதாகும். பிடித்து உடைமையாக்குதல் ‘சேஸ்’ என்பதன் வேரிலேயே உள்ளது. ‘பர்சூ’ என்பதன் வேரில் இருப்பது பின்செல்லுதல் மட்டுமே. பின்சென்றவர் பிடித்தாக வேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

ஒரே வினையில் வெறியும் வேட்கையும்

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில், விக்லிஃபின் பெயரால் வழங்கும் ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பு தோன்றியது. அதில், தமஸ்கு நகர்ச் சாலையில் சவுலிடம் இயேசு வினவும் இடத்தில் ‘பர்சூ’ என்னும் வினையே கையாளப்பட்டுள்ளது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் ‘பெர்சிக்யூட்’ நிற்கின்றது. இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலம் தொடர்தலையும் கொடுமைப்படுத்துதலையும் இரு சொற்களாகப் பிரித்துக்கொண்டது என்பது இதனால் புலனாகின்றது.

மூலமொழியாகிய கிரேக்கத்தில் இப்பிரிவு இல்லை. ‘தியோகோ’ என்னும் ஒரே வினை துரத்துதல், கொடுமைப்படுத்துதல், நாடிச் செல்லுதல் ஆகிய மூன்றையும் சுட்டும். பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் இவ்வினையை இரு வேறு பொருள்களில் ஆளுகின்றார். தாம் முன்னர்ச் சமய ஆர்வத்தால் திருச்சபையைக் கொடுமைப்படுத்தியதைக் கூறுமிடத்தும் அவ்வினை வருகின்றது. சில வரிகளுக்குப் பின், தாம் இப்போது இலக்கை நோக்கி விரைவதைக் கூறுமிடத்தும் அதே வினை வருகின்றது. ஓடியவர் ஒருவர், ஓட்டத்தின் வேகம் ஒன்று, திசைதான் மாறியது. தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் விவிலிய மொழிபெயர்ப்பு முதலிடத்தில் ‘துன்பப்படுத்து’ என்ற வினையையும் அடுத்த இடத்தில் ‘தொடர்’ என்ற வினையையும் ஆளுகின்றது. பொருள் தெளிவுக்கு இது வேண்டியதே. ஆயினும் மூலத்தைப் படிப்பவர் அடையும் திடுக்கிடலைத் தமிழில் படிப்பவர் அடைவதற்கில்லை.

இங்கு ஓர் உண்மை கருதத்தக்கது. பவுல் பிறரைத் துன்புறுத்தியபோது தாம் தீமை செய்வதாக எண்ணவில்லை. உயர்ந்த ஒன்றைத் தொடர்வதாகவே எண்ணினார். எனவே, ‘குறிக்கோளைத் தொடர்தல் நன்று, மனிதரைத் துரத்துதல் தீது’ என்று எளிதாகப் பிரித்துவிட இயலாது. குறிக்கோளை நோக்கிய வழி பெரும்பாலும் மனிதர் நடுவேதான் செல்கின்றது. குறிக்கோளின் உயர்வு தொடர்தலைத் தூய்மையாக்கிவிடுவதில்லை.

நீதிமன்ற வழக்கிலும் இவ்வினைக்கு இடமுண்டு. பண்டைய ஏதென்சில் வழக்குத் தொடுப்பவர் ‘துரத்துபவர்’ என்றும், எதிர்வழக்காடுபவர் ‘ஓடுபவர்’ என்றும் அழைக்கப்பட்டனர். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் உரிமையியல் வழக்கின் வாதியை இன்றும் ‘பர்சூவர்’ என்றே வழங்குகின்றனர். பிரதிவாதி ‘டிஃபெண்டர்’ எனப்படுவார். தமிழிலும் ‘வழக்குத் தொடர்தல்’ என்கிறோம். குற்றவழக்கு நடத்துதலையும் ‘வழக்குத் தொடர்தல்’ என்னும் தொடராலேயே குறிக்கின்றோம். வரலாற்றுத் தொடர்பற்ற மொழிகள் ஒரே உருவகத்தை அடைந்திருப்பது, நீதி தேடுதல் என்பதும் ஒரு வகைத் துரத்தலே என்னும் உணர்வு பொதுவானது என்பதைக் காட்டுகின்றது. ஏதென்சில் பொது வழக்குகளில் துரத்துபவர் தாமும் இடருக்கு உட்பட்டவராயிருந்தார். நடுவர்களின் வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்கேனும் பெறத் தவறின் அவருக்கு 1000 திராக்மா தண்டம் விதிக்கப்பட்டது. துரத்தும் உரிமைக்கு ஒரு விலை வைத்த அம்முறை எண்ணத்தக்கது.

இன்பத்தைத் தொடரும் உரிமை

‘பர்சூ’ என்பதன் பெயர்வடிவமாகிய ‘பர்சூட்’ உலகப் புகழ் பெற்றது 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைச் சாற்றுரையினாலாகும். உயிர், சுதந்திரம், இன்பத்தைத் தொடர்தல் ஆகியவற்றை மாந்தரின் பறிக்கவியலாத உரிமைகளுள் சிலவாக அது எண்ணியது. அதே ஆண்டு சூன் திங்களில் ஜார்ஜ் மேசன் வரைந்த விர்ஜீனியா உரிமைச் சாற்றுரையில் இன்பத்தைத் தொடர்தலும் அடைதலும் என இரண்டும் கூறப்பட்டன. தாமஸ் ஜெஃபர்சன் வரைந்த சாற்றுரையில் ‘அடைதல்’ இடம்பெறவில்லை. தொடர்தல் மட்டுமே நின்றது. இன்பத்தை அடைவிப்பது அரசின் கடன் அன்று, அதனை நாடும் வழியை அடைக்காதிருப்பதே அதன் கடன் என்று பலர் இதற்குப் பொருள் கொள்வர். வரலாற்றறிஞர் ஆர்தர் ஷ்லெசிங்கர் 1964இல் எழுதிய கட்டுரையொன்றில் வேறொரு விளக்கம் தந்தார். அக்கால வழக்கில் ‘பர்சூட்’ என்பது மருத்துவத் தொழிலை ‘மேற்கொள்ளுதல்’ என்பது போன்ற பொருளையும் உடையது. எனவே அங்கே கூறப்படுவது இன்பத்தைத் துரத்துதல் அன்று, இன்பமாக வாழ்தலே என்பது அவர் கருத்து.

இத்தொடரின் சிந்தனைப் பின்புலமாகச் சுட்டப்படுபவருள் ஜான் லாக் முதன்மையானவர். 1690ஆம் ஆண்டினதாக வெளிவந்த, மனித அறிவு பற்றிய தம் நூலில், உண்மையான இன்பத்தை இடையறாது நாடுதலே அறிவுடை இயல்பின் உயர்நிலை என்று அவர் கூறுகின்றார். பெரும்பாலும் மறக்கப்படும் அடுத்த கருத்து அதனினும் இன்றியமையாதது. ஓர் ஆசை எழுந்தவுடன் அதன்பின் ஓடாமல், அதனை நிறுத்திவைத்து, அது மெய்யான இன்பமா போலியா என்று ஆராயும் ஆற்றல் மனத்துக்கு உண்டு. அவ்வாற்றலே சுதந்திரத்தின் அடிப்படை என்கின்றார் லாக். ஓடுவதற்கான உரிமையைப் பிற்காலத்தவர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டனர். நிற்பதற்கான ஆற்றலை விட்டுவிட்டனர்.

1776ஆம் ஆண்டுச் சாற்றுரையின் இரண்டாம் பத்தியை நுணுகிப் படிப்போர் வேறொன்றையும் காணலாம். இன்பத்தைத் தொடர்தலைக் கூறும் அப்பத்தியிலேயே, அடக்குமுறைகள் பல ஒரே நோக்கத்தை இடைவிடாது தொடர்ந்து மக்களைக் கொடுங்கோன்மைக்கு உட்படுத்துவதைக் கூறுமிடத்தும் ‘பர்சூ’ என்னும் வினையே வருகின்றது. உரிமையும் கொடுங்கோன்மையும் ஒரே வினையைப் பகிர்ந்துகொள்கின்றன.

இது சொல்லளவில் நின்றுவிடவில்லை. சாற்றுரையை வரைந்த ஜெஃபர்சன் அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1769 செப்டம்பரில், ‘விர்ஜீனியா கெசட்’ இதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தம்மிடமிருந்து தப்பியோடிய ஸாண்டி என்னும் அடிமையைப் பிடித்துத் தருவோர்க்குப் பரிசு உண்டு என்பது அவ்வறிவிப்பின் செய்தி. தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மாந்தரை அடிமைகளாக வைத்திருந்தவர் அவர். ஸாண்டி ஓடியது எதனைத் தொடர்ந்து என்று கேட்டால், சாற்றுரை பின்னர்ப் போற்றிய சுதந்திரத்தையே என்பதன்றி வேறு விடை இல்லை.

1850இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய தப்பியோடிய அடிமைகள் சட்டம், அடிமையின் உடைமையாளர் தப்பியவரைத் தொடர்ந்து சென்று மீட்டுக்கொள்ளலாம் என்று விதித்தது. அங்கும் சட்டம் ஆளும் வினை ‘பர்சூ’ என்பதே. பிடிபட்டவர் தம் வழக்கில் சான்றுரைக்க அச்சட்டம் இடந்தரவில்லை. விசாரிக்கும் ஆணையருக்கு, பிடிபட்டவரை உடைமையாளரிடம் ஒப்படைத்தால் 10 டாலரும், விடுவித்தால் 5 டாலரும் கட்டணமாக வழங்கப்பட்டன. இச்சட்டம் 1864இல் நீக்கப்பட்டது. இன்பத்தைத் தொடரும் உரிமை ஒருவனுக்கும், அவ்வாறு தொடர்ந்தோடுபவனைத் தொடரும் உரிமை மற்றொருவனுக்கும் ஒரே நாட்டில், ஒரே வினையால் வழங்கப்பட்டன. ‘தொடர்பவர் யார், தொடரப்படுபவர் யார்’ என்னும் வினாவை எழுப்பாமல் தொடர்தலைப் போற்றுவதன் விளைவு இது.

வேட்டுவன் நோக்கும் இரையின் நோக்கும்

மேலைச் சிந்தனையாளர் தொடர்தலைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் வேட்டையையே உவமையாக்கினர். பாஸ்கலின் ‘பாஞ்சே’ அவர் இறந்தபின் 1670இல் வெளிவந்தது. வேட்டையாடச் செல்பவனுக்கு முயலை விலையின்றிக் கொடுத்தால் அவன் மகிழ்வதில்லை. அவனுக்கு வேண்டியது முயல் அன்று, தன் நிலையையும் சாவையும் மறக்கச் செய்யும் ஓட்டமே என்பது பாஸ்கலின் கருத்து. டேவிட் ஹியூம் 1739-40இல் வெளியிட்ட தம் பெருநூலில் மெய்யறிவுத் தேட்டத்தை வேட்டையோடு ஒப்பிட்டு, இரண்டிலும் இன்பம் ஓட்டத்திலேயே உள்ளது என்றார். எனினும் உணவாகும் பறவைகளை வேட்டையாடி மகிழ்பவன், உணவாகாத காக்கையைச் சுடுவதில் மகிழ்வதில்லை என்றும் அவர் சுட்டினார். இலக்குக்கு ஒரு பயன் இருப்பதாகக் கருதினால்தான் ஓட்டம் இனிக்கும் என்பது அவர் துணிபு.

இவ்விரு விளக்கங்களும் நுட்பமானவை. ஆயினும் இரண்டும் வேட்டுவன் பக்கம் நின்று கூறப்பட்டவை. முயலுக்கு அவ்வோட்டம் மறதி தருவதன்று. அதற்கு அது உயிர்ப் போராட்டம். தொடரப்படுவது உயிருடையதாயின் ஒரே ஓட்டத்திற்கு இரு பொருள்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் கூறுவது பாதி உண்மை.

உரோமக் கவிஞர் ஓவிடின் ‘உருமாற்றங்கள்’ என்னும் காவியத்தின் முதற்பகுதியில் மறுபாதி உண்மை வெளிப்படுகின்றது. தெய்வமாகிய அப்பல்லோ, தாஃப்னியைத் துரத்துகின்றான். அவள் ஓடுகின்றாள். ஓடும்போதே அவன் அவளிடம் பேசுகின்றான்: தான் பகைவன் அல்லன், ஆட்டுக்குட்டி ஓநாயைக் கண்டு ஓடுவது போல அவள் ஓட வேண்டியதில்லை, தான் பின்தொடர்வதற்குக் காரணம் காதலே, அவள் மெல்ல ஓடினால் தானும் மெல்லத் தொடர்வான். இங்கே ‘பின்தொடர்தல்’ என்பதற்கு ஓவிட் ஆளும் வினை ‘செக்வி’யே. ‘நிறுத்திவிடுகிறேன்’ என்று அவன் சொல்லவில்லை. ‘மெல்லத் தொடர்கிறேன்’ என்றே சொல்கின்றான். அடுத்து வரும் பகுதியில் கவிஞர் அவனை முயலைத் துரத்தும் வேட்டை நாய்க்கு உவமிக்கின்றார். தன்னைப் பற்றி அவன் கூறியதைக் காவியம் மறுத்துவிடுகின்றது. தாஃப்னி தன் தந்தையாகிய ஆற்றுத் தெய்வத்தை வேண்டி மரமாகின்றாள். அப்பல்லோ அம்மரத்தையும் தனதென்று அறிவிக்கின்றான். கிளை அசைகின்றது; அது தலையசைப்புப் போலத் தோன்றியது என்று கவிஞர் முடிக்கின்றார். பேச வாயற்றுப்போன ஒன்றின் அசைவு இசைவாகத் தோன்றும் இம்முடிவு, துரத்துபவர் பிறரது மறுப்பை எவ்வாறு படிக்கின்றனர் என்பதற்கு அழியாச் சான்றாகும்.

எல்லை வகுப்பவர் யார்?

மேற்கண்டவற்றிலிருந்து பின்தொடர்தலின் அறம் குறித்த வினாவை வேறு வகையில் அமைத்துக்கொள்ளலாம். ‘எதனைத் தொடர்கின்றோம்’ என்பதைவிட, ‘எங்கு நிற்க வேண்டும் என்பதை வகுப்பவர் யார்’ என்பதே இன்றியமையாத வினா. இவ்வினாவுக்கு விடை தொடரப்படும் பொருளுக்கேற்ப மாறும்.

தொடரப்படுவது கல்வி, இன்பம், புகழ் போன்ற குறிக்கோளாயின் அதற்குத் தனக்கென விருப்பு வெறுப்பு இல்லை. ஆகவே எல்லையைத் தொடர்பவரே வகுத்துக்கொள்ள வேண்டும். லாக் கூறிய நிறுத்தும் ஆற்றல் இவ்விடத்திற்குரியது.

தொடரப்படுபவர் குற்றமிழைத்தவராயின் அவர் தப்பிச் செல்ல விரும்புவது துரத்தலை நிறுத்தக் காரணமாகாது. அதே நேரத்தில், துரத்துபவரே எல்லையையும் வகுத்தால் நீதி பழிவாங்கலாகிவிடும். எனவே எல்லையை மூன்றாமவர் வகுக்க வேண்டும். 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தன் சட்டத்தை மீறிய வெளிநாட்டுக் கப்பலைக் கரையோர நாடு விரைந்து துரத்தும் உரிமையை அதன் 111ஆம் உறுப்பு வரையறுக்கின்றது. துரத்தல் அந்நாட்டின் அதிகாரத்திற்குட்பட்ட கடற்பகுதியில் தொடங்க வேண்டும். கப்பல் காணவோ கேட்கவோ கூடிய தொலைவிலிருந்து நிற்குமாறு குறிப்புக் கொடுத்த பின்னரே தொடங்க வேண்டும். இடையறாது நிகழ வேண்டும். துரத்தப்படும் கப்பல் தன் நாட்டின் அல்லது மூன்றாம் நாட்டின் ஆட்சிக்கடலுள் நுழைந்ததும் நிற்க வேண்டும். தக்க காரணமின்றிக் கப்பலை நிறுத்தியிருந்தால் இழப்பீடும் தர வேண்டும். ஏதென்சின் தண்டத் தொகையும் இதே அறத்தின் பழைய வடிவமே.

தொடரப்படுபவர் குற்றமற்ற மற்றொரு மனிதராயின் எல்லையை வகுப்பவர் அவரே. அவரது மறுப்பே எல்லை. இவ்வளவு எளிய உண்மையைச் சட்டம் ஏற்றுக்கொள்ள இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியா மாநிலம் 1990இல் பின்தொடர்ந்து தொல்லை தருதலைத் தனிக் குற்றமாக்கியது. அதற்கு ஆங்கிலம் வழங்கும் ‘ஸ்டாக்கிங்’ என்னும் சொல்லும் இரையை ஓசையின்றி நெருங்கும் வேட்டைத் தொழிலிலிருந்து வந்ததே. இந்தியாவில் 2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமையைத் தொடர்ந்து இயற்றப்பட்ட 2013ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டம், இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி என்னும் பிரிவைச் சேர்த்தது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பின்னரும் அவளைப் பின்தொடர்ந்து மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயல்வது குற்றம் என்றது அப்பிரிவு. 2024 சூலை முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு இதனைத் தொடர்கின்றது. முதல் முறைக்கு மூன்றாண்டு வரையும், மீண்டும் செய்தால் ஐந்தாண்டு வரையும் சிறைத்தண்டனை உண்டு. தொடர்பவரின் நோக்கம் காதலா பகையா என்று இச்சட்டம் வினவவில்லை. மறுப்புக் காட்டப்பட்டதா என்பதையே வினவுகின்றது. அப்பல்லோவின் வாதத்துக்கு அது இடந்தரவில்லை.

அமெரிக்க அடிமைச் சட்டத்தின் கொடுமையும் இவ்வகைப்பாட்டால் தெளிவாகின்றது. எல்லை வகுக்கும் உரிமையுடைய மனிதரை அது உடைமையாகக் கருதியது. உடைமைக்கு மறுப்புரிமை இல்லை. நடுநின்று எல்லை வகுக்க வேண்டிய ஆணையருக்கும் ஒரு பக்கம் கட்டணம் கூட்டித் தந்தது. ‘பின்செல்லுதல்’ என்னும் வினை அங்கே முற்றிலும் ‘பிடித்து உடைமையாக்கல்’ என்றாகிவிட்டது.

தமிழ் மரபில் ஓர் ஒப்புமை

தமிழில் இவ்வினைக்கு ஒரே நேர்ச்சொல் இல்லை. துரத்து, விரட்டு, பின்தொடர், நாடு, தேடு, மேற்கொள், கடைப்பிடி என இடந்தோறும் சொல் வேறுபடுகின்றது. ‘துரத்து’ என்றவுடன் ஓடும் ஒருவர் நினைவுக்கு வருகின்றார். ‘மேற்கொள்’ என்றால் யாரும் ஓடுவதில்லை. ஆங்கிலம் மறைக்கும் வேறுபாட்டைத் தமிழ் வெளிப்படுத்துவதால் தமிழர் ஒழுக்கம் உயர்ந்தது என்று கொள்ளலாகாது. விருப்பமில்லாத நாயகியைத் தெருத்தெருவாகப் பின்தொடரும் நாயகனைக் காதலின் உறுதிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டிய தமிழ்த் திரைப்படங்கள் பல. சொல்வளம் அறத்துக்குத் துணையாகலாம், அதற்கு ஈடாகாது.

ஆயினும் தமிழ் இலக்கண மரபு இவ்வினாவைச் சந்தித்துள்ளது. தொல்காப்பியம் அகத்திணையை ஏழாகப் பகுத்து, ஒத்த அன்பிற்குரிய ஐந்திணையை நடுவில் வைத்து, ஒருதலைக் காமமாகிய கைக்கிளையை அதன் ஒருபுறம் தனியே நிறுத்துகின்றது. காமத்தை உணரும் பருவம் எய்தாத ஒருத்தியிடம், மறுமொழி கிடைக்காத நிலையிலும் தானே பேசி இன்புறுவதைக் கைக்கிளைக் குறிப்பாக அது கூறுகின்றது. காதலனின் உணர்ச்சி எவ்வளவு ஆழமானது என்பதை வைத்து அவ்வகைப்பாடு செய்யப்படவில்லை. மறுமொழி உண்டா இல்லையா என்பதே அங்கு அளவுகோல். நவீனச் சட்டம் தேடிக் கண்ட அளவுகோலும் அதுவே. கைக்கிளையை இலக்கியத்திலிருந்து விலக்காமல், அன்பின் ஐந்திணையோடு கலக்கவும் விடாமல் வைத்த அம்முறை, ‘பர்சூ’ என்னும் ஒரே சொல்லுக்குள் அனைத்தையும் அடக்கும் வழக்கிற்கு மறுதலையாக நிற்கின்றது.

முடிவுரை

பின்செல்லுதல் என்ற பொருளில் பிறந்த ‘பர்சூ’ என்னும் வினை, வழியனுப்பும் பொருளை இழந்து, துரத்துதலையும் வழக்கிடுதலையும் குறிக்கோளை நாடுதலையும் தன்னுள் ஏற்றது. அதன் இரட்டைச் சொல்லும் உடன்பிறப்புச் சொல்லும் நீதிக்கும் கொடுமைக்கும் பெயர்களாயின. விவிலியக் கிரேக்கத்திலும், 1776ஆம் ஆண்டுச் சாற்றுரையிலும், 1850ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்விருமை தொடர்வதைக் கண்டோம்.

விடாது தொடர்தல் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. குறிக்கோளைத் தொடர்பவர் தாமே நிற்கக் கற்க வேண்டும். குற்றவாளியைத் தொடர்பவர் நடுவர் நிறுத்தும் இடத்தில் நிற்க வேண்டும். மற்றொரு மனிதரைத் தொடர்பவர் அம்மனிதர் நிறுத்தும் இடத்தில் நிற்க வேண்டும். இம்மூன்றினும் பொதுவாயிருப்பது நிற்கும் ஆற்றலே. நிற்க இயலாதவரின் ஓட்டத்தை விடாமுயற்சி என்று போற்றுவது சொல்லால் விளையும் மயக்கம்.

இலத்தீன் மொழி மறந்துபோகாமல் காத்த பழைய பொருளொன்று இங்கு நினைக்கத்தக்கது. பயணம் செல்பவரை வழியனுப்ப உடன்செல்பவரும் பின்தொடர்பவரே. அவர் ஊரெல்லைவரை செல்வர். அங்கே நின்று, செல்பவரைச் செல்லவிட்டுத் திரும்புவர்.